நீச்சல், மொழி, இசை, ஓவியம்: ஐம்பதை ஒட்டி எதைத் தொடங்கலாம்?

அக்காவுக்கு 58 வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம் போனில் கேட்டாள்: “புதுசா ஒண்ணு கத்துக்கணும்னு இருக்கு. நீதான் நாலையும் தொட்டுப் பார்த்திருக்கியே, எது நல்லதுன்னு சொல்லேன்.”

அவள் சொன்ன நாலு: நீச்சல், ஜப்பானிய மொழி, கீபோர்டு, பென்சில் ஓவியம். 44 வயதில் தொடங்கி இந்தப் பத்தாண்டுகளில் நான்கிலும் கை வைத்தேன். ஒன்று உடம்போடு ஒட்டிவிட்டது. ஒன்று மெதுவாக நகர்கிறது. ஒன்றை விட்டுவிட்டேன். ஒன்று அவ்வப்போது வந்து போகிறது. அவளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோது எழுதியதுதான் இது.

இப்படிப்பட்ட ஒப்பீடுகள் பெரும்பாலும் ‘மூளைக்கு எது நல்லது’ என்று ஆரம்பிக்கும். அந்தக் கேள்வியை வைத்து இந்த நான்கில் ஒன்றைப் பொறுக்கி எடுக்க முடியாது என்பது என் எண்ணம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 60 முதல் 90 வயது வரையிலானவர்களுக்கு மூன்று மாதம் புகைப்படக் கலையும் ஒட்டுத்துணித் தையலும் சொல்லிக்கொடுத்தார்கள். கூடிப் பேசிப் பொழுதுபோக்கிய குழுவைவிடப் புதிதாகக் கற்றவர்கள், குறிப்பாகப் புகைப்படம் கற்றவர்கள், நினைவாற்றல் சோதனைகளில் மேலே வந்தார்கள். 2008இல் வந்த இன்னோர் ஆய்வில், அறுபதை ஒட்டிய வயதினர் மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கக் கற்றார்கள். மூன்று மாதத்தில் அவர்கள் மூளையின் சில பகுதிகளில், நரம்பணுக்கள் அடர்ந்த சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது. பயிற்சியை நிறுத்திய பிறகு அந்தக் கூடுதல் பெரும்பாலும் வடிந்துவிட்டது. கையாலோ கண்ணாலோ சிரமப்பட்டுக் கற்கிற எதுவும் பலன் தரும் என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கடைசி வரிதான்: நிறுத்தினால் வடிகிறது.

ஏனென்றால் இந்த வயதில் நிறுத்தாமல் இருக்க முடியாது. இருபது வயதில் வகுப்புக்கு மட்டம் போட்டால் அது பெரும்பாலும் நம் சோம்பல். ஐம்பதில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும், பிள்ளைக்குத் தேர்வு வரும், அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் மாதம் வரும். நம் நேரத்தை அடுத்தவர் தேவைகள் வெட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே நான் நான்கையும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு மாதம் விட்டுப்போனால் இது என்னை என்ன செய்யும்?

நீச்சல்

46 வயதில் முதல்முறை இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். குழந்தைகளுக்கு இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: மூழ்கினால் என்ன ஆகும் என்ற முழு அறிவு. அந்தப் பயத்தில் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்குகிறோம். தலை ஏறினால் கால் இறங்கும். கால் இறங்கினால் முன்னே போக முடியாது, பயம் இன்னும் கூடும். பெரியவர்களை அங்கேயே நிறுத்திவைப்பது இந்தச் சுழல்தான்.

எனக்குக் கற்றுத்தந்தவர் முதல் நான்கு நாள் கை காலை அசைக்கவே விடவில்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்து மூக்காலும் வாயாலும் மெல்ல மூச்சை விடு, எழுந்து உள்ளிழு, மறுபடி விடு. அவ்வளவுதான். ஐந்தாம் நாள் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக் குப்புறக் கிடந்தேன். தண்ணீர் தாங்கியது. நுரையீரல் நிறைந்திருந்தால் பெரும்பாலான உடம்புகள் மிதக்கும் என்று படித்திருந்தேன். அன்றுதான் என் உடம்பு அதை ஒப்புக்கொண்டது. கற்றதிலேயே மிகப் பெரிய சந்தோஷம் எது என்று யார் கேட்டாலும் அந்தச் சில விநாடிகளைத்தான் சொல்வேன்.

மூட்டுவலி உள்ளவர்களுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் கவனம் வேண்டும். தவளை மாதிரி கால்களை விரித்து உதைக்கும் முறை முழங்காலை உறுத்தும். கையை மேலே வீசிப் போடும் முறை தோள்பட்டை நோவைக் கிளப்பும். இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. யாரும் பார்க்காத இடத்தில் தனியாக இறங்கவே கூடாது.

இனி என் கேள்விக்கு வருகிறேன். அப்பாவின் நோயால் எட்டு மாதம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. திரும்பிப் போன நாளில் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை போவதற்குள் இரைத்தது. ஆனால் மிதப்பதோ, மூச்சை விடுவதோ, தலையைத் திருப்புவதோ ஒன்றும் மறக்கவில்லை. உடம்பின் வழியாகக் கற்றது அப்படித்தான் தங்கும், சைக்கிள் மாதிரி. தெம்பு போகும், வித்தை போகாது. நான்கில் மிகத் தாராளமாக மன்னிப்பது நீச்சல்தான்.

குறையையும் சொல்ல வேண்டும். குளம் வேண்டும், அது திறந்திருக்கும் நேரம் வேண்டும், உடை மாற்றி நாலு பேர் முன்னால் நடக்கும் துணிச்சல் வேண்டும். அந்தக் கூச்சம் லேசான விஷயமில்லை. எனக்கு அது போக இரண்டு மாதம் ஆயிற்று.

மொழி

வயதானால் மொழி ஏறாது என்று சொல்வது பாதி உண்மை. ஏறக்குறைய 6.7 லட்சம் பேரின் விடைகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வு, இலக்கணத்தைப் பிடிக்கும் திறன் 17 வயது வரை நன்றாக இருந்து பிறகு குறைகிறது என்று சொன்னது. பிறவிமொழிக்காரர் போலப் பேச வேண்டுமென்றால் நாம் பிந்திவிட்டோம். ஆனால் தொடக்க மாதங்களில் பெரியவர்கள்தான் சிறுவர்களைவிட வேகமாக நகர்கிறார்கள். விதியைச் சொன்னால் நமக்குப் புரியும். ஒரு சொல்லைக் கேட்டதும் அதைக் கட்டிவைக்க ஐம்பது ஆண்டு அனுபவம் உள்ளே இருக்கிறது. குழந்தைகள் முந்துவது நெடுந்தூரத்தில்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. யாரும் அதைப் போதுமான அளவு சொல்வதில்லை. ஜப்பானிய, கொரிய மொழிகளில் வினைச்சொல் கடைசியில் வரும். ‘வீட்டில்’, ‘வீட்டிலிருந்து’ என்று நாம் சொல்லின் பின்னால் ஒட்டுவதைப் போலவே அவர்களும் ஒட்டுகிறார்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பித் தவிக்கும் இடத்தில், தமிழில் யோசித்தால் சொல்லுக்குச் சொல் உட்காரும். இது தெரியாமல் ஆங்கில விளக்கப் புத்தகத்தோடு நான் ஆறு மாதம் போராடினேன்.

ஜப்பானிய எழுத்து வேறு கதை. 46 எழுத்துகள் கொண்ட ஹிரகானா மூன்று வாரத்தில் வந்தது. அதே அளவான கதகானா அதற்குப் பின்னால் வந்தது. பிறகு காஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அந்நாட்டு அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 உண்டு. நான் இன்னும் 400ஐத் தாண்டவில்லை. கொரிய எழுத்தோ அடிப்படையில் 24தான். எழுத்தைக் கண்டு மிரளுகிறவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

விட்டால் என்ன ஆகும்? ஒழுகும். இரண்டு மாத இடைவெளிக்குப் பிறகு வாக்கிய அமைப்பு அப்படியே இருந்தது. சொற்கள் பாதி போய்விட்டன. மறதி முதலில் சரேலென்றும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னைத்தானே சோதித்து எழுதிவைத்தார். மறப்பதற்குச் சற்று முன்னால், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பப் பார்ப்பதுதான் மருந்து. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிடத் தினமும் பத்து நிமிடம் அதிகம் தரும்.

ஆனால் மொழியின் பக்கம் நியாயம் பேச ஒன்று உண்டு. அது நம்மோடு வரும். ஆஸ்பத்திரி வராந்தாவில், பேருந்துக்குக் காத்திருக்கும்போது, தூக்கம் வராத நடுஇரவில். அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்து நாற்காலியில்தான் கதகானாவை முடித்தேன். நீச்சல் நம் இல்லாமையை மன்னிக்கும். மொழி மன்னிக்காது, ஆனால் நாம் இருக்கும் இடத்துக்கே வந்து உட்காரும்.

இசைக்கருவி

நான் விட்டது இதைத்தான். காரணம் விரல் என்று அப்போது நினைத்தேன். இன்று யோசித்தால் காது.

நாற்பது ஆண்டுகள் நல்ல இசையைக் கேட்டுப் பழகிய காது நம்முடையது. ஏழு வயதுப் பிள்ளை தப்பாக வாசித்துவிட்டுக் குதித்துக்கொண்டு ஓடும். அதன் காதும் கையும் ஒரே வயது. நமக்குக் காதுக்கு ஐம்பது வயது, கைக்கு ஐந்து வாரம். அந்த இடைவெளி வலிக்கிறது. எவ்வளவு தப்பு என்பது துல்லியமாகக் கேட்கிறது, சரிசெய்யக் கைக்குத் தெரியவில்லை. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

கருவிக்குக் கருவி இந்த வலி மாறும். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் சுருதி சுத்தமாக வரும். ஹெட்போன் போட்டால் வீட்டில் யாருக்கும் கேட்காது. கிட்டாரில் விரல் நுனி காய்த்துப்போகும் வரை சில வாரம் நோவும். விட்டால் காய்ப்பு கரையும், மறுபடி நோவு. வயலினில் விரல் எங்கே விழ வேண்டும் என்று காட்டும் கோடுகூடக் கிடையாது. காதே வழிகாட்டி. கட்டைவிரல் மூட்டில் தேய்மானம் இருந்தால் எதை வாங்குவதற்கு முன்பும் அரை மணி நேரம் பிடித்துப் பார்ப்பது நல்லது. இடைவெளிகளைப் பொறுத்தவரை நான்கில் இதுதான் கறார்.

ஓவியம்

சொல்ல அதிகமில்லை. ஒரு நோட்டு, ஒரு 2பி பென்சில். உட்கார்ந்த அன்றே ஒரு கோப்பையோ செருப்போ தாளில் வந்துவிடும். ஒரு வருடம் விட்டாலும் கை கொஞ்சம் விறைக்கும், அவ்வளவுதான். நாற்பதுக்கு மேல் கிட்டப் பொருள் மங்குவதால் நல்ல வெளிச்சமும் சரியான கண்ணாடியும் வேண்டும். பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருக்கும் வெற்றிடத்தின் வடிவத்தை வரையச் சொல்வார்கள். அதைச் செய்த நாளிலிருந்து என் கோடு மாறியது. ஆனால் தனியாகவே வரைந்துகொண்டிருந்தால் ஓரிடத்தில் தேங்கிவிடும். தப்பு எங்கே என்று காட்ட இன்னொரு கண் வேண்டும்.

யாரிடம் கற்பது என்பதும் இதை ஒட்டியதே. சொற்களைப் பழக்கப் போன் செயலி போதும், நன்றாகவே செய்யும். நீச்சலுக்கு ஆள் வேண்டும், பேச்சே இல்லை. இசைக்குக் குறைந்தது முதல் ஆறு மாதமாவது நேரில் வேண்டும். உட்காரும் விதமும் மணிக்கட்டின் கோணமும் தப்பாகப் படிந்தால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அக்காவிடம் இவ்வளவும் சொன்னேன். மூட்டுவலி இருக்கிறதே, நீச்சலுக்குப் போ என்று முடித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“விட்டுப்போனா என்ன ஆகும்னு நீ பார்த்திருக்கே, சரி. எனக்கு இப்ப எது விட்டுப்போகும்? பிள்ளைங்க வெளியூர். வேலை முடிஞ்சுது. முப்பது வருஷம் எல்லாருக்காகவும் விட்டுக்கிட்டே இருந்தேன். இனிமே தினமும் காலைல ஒரு மணி நேரம் என்னோடது.”

வயலின் வாங்கினாள். நாலரை மாதம் ஆகிறது. காது வலிக்கும் என்று நான் சொல்லியிருந்ததால் அதை எதிர்பார்த்தே உட்கார்ந்தாளாம். போன வாரம் போனை மேசையில் வைத்துவிட்டு, விரலே வைக்காமல் நாலு தந்திகளையும் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினாள். மூன்று கரகரத்தன. கடைசித் தந்தியில் வில் முனையிலிருந்து முனை வரை நடுங்காமல் போனது. அதை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.