ஊரை விட்டுப் போக மறுக்கும் வீரர்கள்: ஃபுட்பால் மேனேஜர் 2024 குறித்து ஒரு மதிப்பீடு

லண்டனைச் சேர்ந்த ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி, சேகா நிறுவனம் 2023 நவம்பரில் வெளியிட்ட ஃபுட்பால் மேனேஜர் 2024 என்னும் கணினி விளையாட்டை நான் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக விளையாடி வருகிறேன். 2025 பதிப்பு வெளிவராமலேயே கைவிடப்பட்டதால் பலரைப் போல நானும் இதிலேயே தங்கிவிட்டேன். அடுத்த பதிப்பு 2025 நவம்பரில் வந்த பிறகும், பதினேழு பருவங்கள் ஓடிவிட்ட என் பழைய ஆட்டத்தை மூடிவைக்க மனம் வரவில்லை. இதில் பந்தை உதைப்பது நம் வேலையன்று. ஓர் அணியின் மேலாளராக அமர்ந்து, ஆட்களைச் சேர்ப்பதும் பயிற்சியை வகுப்பதும் ஆடும் பதினொருவரைத் தேர்ந்தெடுப்பதுமே வேலை. போட்டிக் காட்சிகளின் தரத்தையும் வியூக வசதிகளையும் ஏற்கெனவே பலர் விரிவாக எழுதிவிட்டனர். எனவே, வெளிநாட்டிலிருந்து நல்ல சம்பளத்தோடு அழைப்பு வரும்போதும் சில வீரர்கள் சொந்த நாட்டிலேயே ஆட விரும்புவதை இந்த ஆட்டம் எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற ஒரே கோணத்தில் இதை மதிப்பிட விரும்புகிறேன். மேலாளர் நாற்காலியில் அமர்ந்தவருக்கு இது சின்ன விஷயமன்று. பருவ இடைவேளையின் பாதி நேரம், வர மறுப்பவர்களிடம் பேசிப் பார்ப்பதிலேயே கழிந்துவிடும்.

ஆட்டம் இதற்கு வைத்திருக்கும் வழி எளிமையானது. ஒவ்வொரு வீரரின் திறன்களும் 1 முதல் 20 வரையிலான எண்களாகப் பதியப்பட்டுள்ளன. பந்தைக் கடத்தும் திறன், வேகம், தலையால் முட்டும் திறன் போன்றவை நம் கண்ணுக்குத் தெரியும். புதிய சூழலுக்குப் பழகும் தன்மை, பேரார்வம், விசுவாசம் போன்ற குணங்களுக்கான எண்கள் மறைத்து வைக்கப்பட்டுள்ளன. திறன் தேடும் ஸ்கவுட்கள் அனுப்பும் அறிக்கையில் வரும் ஓரிரு வாக்கியங்களைக் கொண்டுதான் அவற்றை ஊகிக்க வேண்டும். பழகும் தன்மை குறைவாக உள்ளவர் நம் அழைப்பை மறுக்கக்கூடும். அல்லது வந்த சில மாதங்களில் ஊர் ஏக்கம் பிடித்து, ஆட்டம் சரிந்து, திரும்பிப் போக வேண்டும் என்று கேட்பார். அவரை மொழி வகுப்புக்கு அனுப்பலாம். அதே மொழி பேசுபவர்கள் அணியில் இருந்தால் அவர்களோடு குழுவாகச் சேர்ந்துகொள்வார். இவ்வளவும் நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் இந்த எண்களைவிட, ஆட்டத்தின் சட்டதிட்டங்களும் பணக்கணக்குமே இந்தக் கேள்விக்கு நேர்மையான விடையைத் தருகின்றன என்பது என் அனுபவம்.

முதலில் பணம். 2018 உலகக் கோப்பைக்குச் சென்ற இங்கிலாந்து அணியின் 23 பேரும் இங்கிலாந்துக் கிளப்புகளிலேயே ஆடிக்கொண்டிருந்தவர்கள். அந்தப் போட்டியில் வேறெந்த அணியும் அப்படி இருக்கவில்லை. இதை ஆங்கிலேயரின் தாய்நாட்டுப் பற்று என்று விளக்குவோர் உண்டு. இந்த ஆட்டத்தில் ஓர் இத்தாலியக் கிளப்பின் மேலாளராக அமர்ந்து, பிரீமியர் லீக்கில் நடுத்தர நிலையிலுள்ள ஒரு கிளப்பின் மாற்று வீரருக்கு ஒப்பந்தம் அனுப்பிப் பாருங்கள். அவருடைய முகவர் கேட்கும் வாரச் சம்பளத்தைக் கண்டதுமே பற்று எங்கிருந்து வருகிறது என்பது விளங்கிவிடும்.

இந்திய சூப்பர் லீக்கையும் இதில் ஆடலாம் என்பதால், என் இரண்டாவது ஆட்டத்தைப் பெங்களூரு எஃப்.சி.யோடு தொடங்கினேன். இந்திய வீரர்கள் வெளியே போகாததற்குச் சோம்பலையும் வசதியையும் காரணமாகச் சொல்வது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. ஆட்டம் வேறொரு கதையைச் சொன்னது. இங்கிலாந்தில் இரண்டாம் நிலைக் கிளப் ஒன்று என் இளம் முன்கள வீரனைக் கேட்டது. அவனும் போகத் தயாராகவே இருந்தான். ஆனால் பணி அனுமதி கிடைக்கவில்லை. இது கற்பனையன்று. இந்திய அணியின் முன்கள வீரர் சுனில் சேத்ரிக்கு 2009-இல் இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லை என்ற காரணத்தால் பிரிட்டன் அவருக்குப் பணி அனுமதியை மறுத்தது. அவர் 2010-இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்கும், 2012-இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பின் இரண்டாம் அணிக்கும் சென்றார். இரண்டு இடங்களிலும் போதிய ஆட்ட வாய்ப்பு அமையவில்லை. 2013-இல் பெங்களூரு எஃப்.சி. தொடங்கப்பட்டபோது அங்கே சேர்ந்து, முதல் பருவத்திலேயே அப்போது இந்தியாவின் முதல் நிலை லீக்காக இருந்த ஐ-லீக் பட்டத்தை வென்றார். 2024 ஜூனில் கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி விடைபெற்றபோது, சர்வதேசப் போட்டிகளில் அவர் அடித்திருந்த கோல்கள் 94. மறு ஆண்டு அவர் இந்திய அணிக்குத் திரும்பி வந்தது தனிக்கதை. கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்காக 2016-இல் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஆடி, அப்போட்டியில் களமிறங்கிய முதல் இந்தியர் என்ற பெயரோடு மறு ஆண்டே இந்தியா திரும்பிப் பெங்களூரு எஃப்.சி.யில் சேர்ந்தார். இவர்களை ‘வெளியே போக விரும்பாதவர்கள்’ பட்டியலில் எழுதுவது நியாயமாகாது. போய்ப் பார்த்து, அங்கே பெஞ்சில் அமர்வதைவிட இங்கே களத்தில் நிற்பதே மேல் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள்.

அதேநேரம், உள்ளூரில் தங்கினால் இடம் உறுதி என்றும் சொல்வதற்கில்லை. இந்திய சூப்பர் லீக்கில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் களத்தில் இருக்கலாம் என்ற விதியை ஆட்டம் அப்படியே பின்பற்றுகிறது. கோல் அடிக்கும் இடத்துக்கு வெளிநாட்டவரைப் போடும் ஆசை என்னையும் விடவில்லை. என் இந்திய முன்கள வீரன் இரண்டு பருவங்கள் ஓரத்தில் ஆடி, கடைசியில் பெஞ்சுக்கே போனான். மேலாளர்களைத் திட்டிக்கொண்டிருந்த நான் அதே தவற்றை என் கையாலேயே செய்ததுதான், ஆட்டத்தின் இந்தப் பகுதிக்கு நான் தரக்கூடிய பெரிய பாராட்டு.

ஆனால் இந்த ஆட்டத்தின் உண்மையான செல்வம், வடக்கு ஸ்பெயினில் பாஸ்க் மக்கள் வாழும் பகுதியிலுள்ள பில்பாவோ நகரில் இருக்கிறது. பாஸ்க் நாட்டில் பிறந்தவர்களையோ அங்கே கால்பந்து பயின்று வளர்ந்தவர்களையோ மட்டுமே சேர்ப்பது என்ற வழக்கத்தை அந்நகரின் அத்லெடிக் கிளப் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கடைப்பிடித்து வருகிறது. அப்படியிருந்தும் ஸ்பெயினின் முதல் நிலை லீக்கிலிருந்து ஒருமுறைகூடக் கீழிறங்கியதில்லை. ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் மட்டுமே அப்பெருமையில் அதற்குத் துணை. ஆட்டத்தில் இந்தக் கிளப்பைத் தேர்ந்தெடுத்தால், கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் பாஸ்க் அல்லாத வீரரை வாங்க வழியில்லை. உலகெங்கும் உள்ள பல்லாயிரம் வீரர்களின் பட்டியல் கண்முன் விரிந்து கிடக்க, நமக்கு உதவக்கூடியவர்கள் சில நூறு பேராகச் சுருங்கிவிடுகிறார்கள். முதல் வாரத்தில் எரிச்சலூட்டிய இந்தக் கட்டுப்பாடுதான், வீரர்கள் அங்கே ஏன் தங்குகிறார்கள் என்பதை எனக்கு விளங்க வைத்தது.

அத்லெடிக்கின் ஓரக்கள வீரர் நிக்கோ வில்லியம்ஸை எடுத்துக்கொள்வோம். கானாவிலிருந்து சஹாரா பாலைவனத்தைக் கடந்து ஸ்பெயினுக்கு வந்த பெற்றோரின் மகன் அவர். அண்ணன் இன்யாக்கி பில்பாவோவில் பிறந்தவர், நிக்கோ பம்ப்லோனாவில் பிறந்தவர். ஐரோப்பிய நாடுகளுக்கான 2024 யூரோ கோப்பையின் இறுதிப் போட்டியில் ஸ்பெயினுக்காகக் கோல் அடித்த நிக்கோ, அடுத்த ஆண்டுக் கோடையில் பார்சிலோனாவுக்குப் போய்விடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்திருந்த வேளையில், அத்லெடிக்கோடு 2035 வரை ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்திட்டார். அண்ணனோடு ஒரே அணியில் ஆடும் மகிழ்ச்சியும், 53,000 பேர் அமரும் சான் மமேஸ் மைதானத்தின் ஆரவாரமும், 2024 ஏப்ரலில் கோப்பை வென்று நெர்வியோன் ஆற்றில் படகு ஊர்வலம் போன நினைவும் இதில் சேர்ந்திருக்கும். ஆனால் செய்திகளில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு காரணத்தை நான் ஆட்டத்தில்தான் கண்டேன். என் அணியின் சிறந்த ஓரக்கள வீரன் எட்டு மாதங்கள் கோல் அடிக்காமல் தவித்தபோது, வேறெந்தக் கிளப்பின் மேலாளராக இருந்தாலும் ஜனவரியில் இன்னொருவரை வாங்கியிருப்பேன். இங்கே வாங்க ஆள் இல்லை. அவனையே ஆட வைத்தேன்; ஒன்பதாம் மாதம் மீண்டுவிட்டான். கிளப்பைக் கட்டிப்போடும் விதி வீரனுக்குக் காப்புறுதியாக அமைகிறது. மாற்ற முடியாதவன் என்பதால் சம்பளமும் நன்றாகவே வருகிறது.

இந்தக் காப்புறுதி எல்லாரையும் நிறுத்திவிடவில்லை என்பதும் உண்மை. ஸ்பெயினில் 1985-ஆம் ஆண்டு அரசாணையின்படி, ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு விலகத் தொழில்முறை வீரருக்கு வழி உண்டு. அதற்கென முன்கூட்டியே எழுதப்படும் விடுவிப்புத் தொகையைச் செலுத்தினால், அத்லெடிக் விரும்பாவிட்டாலும் வீரர் போகலாம். அத்லெடிக்கின் ஹாவி மார்த்தினெஸ் 2012-இல் 40 மில்லியன் யூரோவுக்குப் பயர்ன் மியூனிக்குக்கும், லபோர்த் 2018 ஜனவரியில் 65 மில்லியனுக்கு மான்செஸ்டர் சிட்டிக்கும், அதே ஆண்டு கேப்பா 80 மில்லியனுக்குச் செல்சிக்கும் இப்படித்தான் போனார்கள். லபோர்த் 2025-இல் சவூதியிலிருந்து பில்பாவோவுக்கே திரும்பி வந்தார். ஸ்பெயினில் போடும் ஒப்பந்தங்களில் விடுவிப்புத் தொகை எழுதும் வழக்கத்தை ஆட்டம் ஒரு விதியாகவே வைத்திருக்கிறது. அந்த எண்ணை நிரப்பும்போது கை சற்று நடுங்கத்தான் செய்கிறது.

குறை என்று எனக்குப் படுவது, முன்னர்ச் சொன்ன மறைந்த எண்களில்தான் இருக்கிறது. ஊரை விட்டுப் போக மனமில்லாமையை ஆட்டம் ஒரு திறன் குறைபாடாகவே எழுதி வைத்திருக்கிறது. பழகும் தன்மை 5, பேரார்வம் 6 என்று எண் போட்டுவிட்டால் மனிதரைப் புரிந்துகொண்டதாகிவிடுமா? ஸ்பெயினின் செவிய்யா கிளப்பைச் சேர்ந்த ஹெசூஸ் நவாஸ் இளமையில் ஊரை விட்டுச் சில நாள் விலகினாலே பதற்றத்தால் அவதிப்பட்டவர். ஸ்பெயினின் இளையோர் அணி முகாமிலிருந்து வீடு திரும்பியிருக்கிறார். 2006-இல் செல்சிக்குப் போகும் பேச்சும் இதனாலேயே நின்றுபோனது. அதே நவாஸ், உரிய உதவியோடு மெல்ல மெல்லப் பழகி, 2010 உலகக் கோப்பையை வென்ற அணியில் இடம்பெற்றார். 2013-இல் மான்செஸ்டர் சிட்டிக்குப் போய் நான்கு பருவங்கள் ஆடினார். பிறகு செவிய்யாவுக்கே திரும்பி வந்து, 38 வயதில் 2024 யூரோ கோப்பையையும் வென்றார். இருபது வயதில் அவருக்கு ஓர் எண்ணும் முப்பது வயதில் வேறோர் எண்ணும் போட வேண்டியிருந்திருக்கும். இடையில் நிகழ்ந்தது எந்த எண்ணுக்குள்ளும் அடங்காது.

குடும்பத்துக்கு ஆட்டத்தில் இடமே இல்லை என்பது இதைவிடப் பெரிய குறை. இந்த உலகத்தில் வீரனுக்கு அண்ணன் உண்டு, அதுவும் அண்ணன் கால்பந்து ஆடினால் மட்டும். நோயுற்ற தந்தை, பள்ளியை மாற்ற விரும்பாத மகள், மாமனாரின் கடை, பால்ய நண்பர்களோடு கூடும் சனிக்கிழமை விருந்து எதுவும் கிடையாது. ஒரு வீரர் ‘வேறு நாட்டுக்குச் செல்ல விருப்பமில்லை’ என்று ஒற்றை வரியில் மறுக்கும்போது, காரணத்தை நாமேதான் கற்பனை செய்துகொள்ள வேண்டும். முகவரோடு இவ்வளவு நுணுக்கமாகப் பேரம் பேச வைக்கும் ஆட்டம், வீரனின் வீட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்க விடாதது வியப்பளிக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஓரிரு குறிப்புகள். தமிழ்ப் பதிப்பு இல்லை. ஆங்கிலத்தில் நிறையப் படிக்க வேண்டியிருக்கும். நடுத்தர மடிக்கணினியிலும் ஓடும், ஆனால் அதிகமான லீக்குகளை ஒரே நேரத்தில் ஏற்றினால் நாள்கள் நகரவே மாட்டா. கைப்பேசிப் பதிப்பு நெட்ஃப்ளிக்ஸ் சந்தாதாரர்களுக்குக் கிடைத்தது என்றாலும் அது சுருக்கப்பட்டது. நான் இங்கே எழுதியவற்றுக்குக் கணினிப் பதிப்பே பொருத்தமானது. முதல் ஆட்டத்தைப் பெரிய கிளப்பில் தொடங்காமல் அத்லெடிக்கிலோ இந்திய சூப்பர் லீக்கிலோ தொடங்குமாறு பரிந்துரைப்பேன்.

என் பில்பாவோ ஆட்டத்தில், 2026-ஆம் ஆண்டு இளையோர் அணியில் பதினேழு வயது நடுக்கள வீரன் ஒருவன் வந்தான். பாஸ்க் ஊரான துராங்கோவில் பிறந்தவனாக ஆட்டமே உருவாக்கிய பையன். இருபது வயதில் இங்கிலாந்துக் கிளப் ஒன்று அவனுடைய விடுவிப்புத் தொகை முழுவதையும் வைத்தது; அவன் மறுத்தான்; ஸ்கவுட் அறிக்கையில் ‘மிகவும் விசுவாசமானவர்’ என்று ஒரு வரி இருந்தது. 2040-இல் நிற்கும் ஆட்டத்தில் அவனுக்கு இப்போது 31 வயது, முழங்கால் சரியில்லை. ஓய்வுக்குப் பின் இளையோர் அணிக்குப் பயிற்றுநராக இருக்க விரும்புவதாகச் சென்ற வாரம் செய்திப் பெட்டியில் தகவல் வந்திருக்கிறது. அந்தப் பதவியை அவனுக்காகக் காலியாக வைத்திருக்கிறேன்.