காஸ் கிட்டோடு விற்பதா, கழற்றிவிட்டு விற்பதா?

லண்டனில் எங்கள் வொல்வோ வி70 T5 எஸ்டேட் காரை அண்மையில் விற்றேன். 2006 மொடல், 2.4 லீற்றர் ஐந்து சிலிண்டர் டேர்போ. பெற்றோலோடு எல்பிஜி என்ற திரவ காஸிலும் ஓடும்படி காஸ் கிட் பொருத்தி மாற்றிய கார். எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது: ஒன்லைனில் உடனே வாங்கும் கம்பனியிடம் தள்ளிவிடலாம், காஸ் கிட்டைக் கழற்றி வெறும் பெற்றோல் காராக விற்கலாம், கிட்டோடு நேரே ஒருவரிடம் விற்கலாம். நான் செய்தது மூன்றாவது. கிட் ஒழுங்காக வேலை செய்கிறதென்றால் மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

ஒன்லைன் கம்பனி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம்பர் பிளேட்டும் மைலேஜும் கொடுத்தால் ஒரு விலை வரும். கிட்டுக்குப் போட்ட காசு அந்தக் கணக்கில் ஏறவே ஏறாது. காரை நாளைக்கே அனுப்பியாக வேண்டும் என்றால் போகலாம்.

கழற்றுவது நல்ல யோசனையாகத்தான் படும். ஆனால் வேலையை எண்ணிப் பாருங்கள். டாங்கில் மிஞ்சிய காஸை முறைப்படி இறக்க வேண்டும். இஞ்சினுக்குக் காற்றுப் போகும் இன்டேக் மனிஃபோல்டில் சிலிண்டருக்கு ஒன்றாகப் போட்ட துளைகளை அடைக்க வேண்டும். திரவ காஸை ஆவியாக்கி அழுத்தம் குறைக்கும் ரெடியூசரைச் சூடாக்கப் பிரித்த கூலன்ட் குழாய்களைப் பழையபடி சேர்க்க வேண்டும். காஸ் அடிக்கும் வாய் இருந்த இடத்தில் ஓட்டை தெரியும். வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏக்கும் இன்சூரன்ஸுக்கும் மறுபடி அறிவிக்க வேண்டும். இவ்வளவு கூலியும் கொடுத்தபின் மிஞ்சுவது பெற்றோல் அதிகம் குடிக்கும் ஒரு பழைய டேர்போ. எல்பிஜியில் லீற்றருக்குக் கிடைக்கும் மைல் கொஞ்சம் குறைவு, ஆனால் விலை பெற்றோலைவிட நன்றாகக் குறைவு. இப்படியொரு காரைத் தேடி வருபவர் அந்த மிச்சத்துக்காகத்தான் வருகிறார். கிட் பழுதாகி, சான்றிதழும் தொலைந்துபோயிருந்தால் மட்டும் கழற்றுவது சரி.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது பராமரிப்புப் பதிவுகள்தான். டேர்போவை காஸில் ஓட்டினால் வால்வு எரிந்துவிடும் என்ற பயம் வாங்க வருகிற எவருக்கும் இருக்கும். அது வெறும் புரளி இல்லை. டேர்போ அழுத்தம் ஏறும்போது ரெடியூசரும் காஸ் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். மனிஃபோல்டிலிருந்து அதற்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ, காஸ் ஃபில்டர் அடைத்திருந்தாலோ, ரெடியூசர் இஞ்சினின் பலத்துக்குச் சிறியதாக இருந்தாலோ, முழு வேகத்தில் கலவையில் காஸ் குறைந்து சூடு ஏறும். அந்தச் சூடுதான் எக்ஸோஸ்ட் வால்வுகளைத் தின்பது. ஆகவே ஃபில்டர் மாற்றிய ரசீது, ஸ்பார்க் பிளக் ரசீது, கிட்டைக் கம்பியூட்டரில் போட்டுச் சரிபார்த்த தாள், பொருத்தியவர் தந்த சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோவையில் வைத்திருந்தேன். டாங்கின் தகட்டில் உள்ள 67ஆர்-01 என்ற பாதுகாப்புத் தர முத்திரையையும் படமெடுத்து விளம்பரத்தில் போட்டேன்.

பார்க்க வருபவரிடம் காரைக் குளிர்ந்த நிலையில் காட்டுங்கள். இப்படிப்பட்ட கிட்டில் கார் பெற்றோலில்தான் ஸ்டார்ட் ஆகும், கூலன்ட் சூடேறியதும் தானாகவே காஸுக்கு மாறும். அந்த மாற்றத்தில் உலுக்கல் இருக்கக்கூடாது. பிறகு ஒரு ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். என் காரை வாங்கியவர் கேரவன் இழுப்பவர். ஏற்றத்தில் மிதித்துக்கொண்டே சுவிட்சை பெற்றோலுக்கும் காஸுக்கும் மாற்றிப் பார்த்தார். வித்தியாசம் தெரியவில்லை என்றதும்தான் விலை பேசத் தொடங்கினார். கோவையைத் திறந்து ஒவ்வொரு ரசீதாகத் திகதி பார்த்தார், டயரைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

கிட்டோடு விற்பதில் குறைகளும் உண்டு, மறைக்கக்கூடாது. எல்பிஜி பம்புகள் குறைந்துகொண்டே வருகின்றன, ஆகவே பக்கத்தில் பம்ப் இல்லாதவர் வாங்கமாட்டார். டாங்க் ஸ்பெயார் வீல் குழிக்குள் இருப்பதால் பின்பக்க இடம் அப்படியே இருக்கும், ஆனால் ஸ்பெயார் வீல் கிடையாது. எல்பிஜி கார்களை ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்க ரயிலில் ஏற்றமாட்டார்கள், பெற்றோலிலும் ஓடும் என்றாலும் விடமாட்டார்கள். பாரிஸில் சொந்தக்காரர் உள்ள நம்மவர்களுக்கு இது பெரிய விஷயம், ஃபெரிதான் வழி. புகை அதிகம் விடும் கார்களிடம் லண்டனில் வாங்கும் யூலெஸ் கட்டணப் பிரச்சினை இந்த வயதுக் காருக்குப் பெரும்பாலும் இல்லை, யூரோ 4 என்ற புகைத் தரத்திலுள்ள பெற்றோல் கார் என்ற கணக்கிலேயே தப்பிவிடும்.

நான் விற்றது ஒரே ஒரு கார், அதுவும் லண்டனில். பம்ப் அதிகமுள்ள ஊரில் இன்னும் சீக்கிரம் போகலாம், இல்லாத ஊரில் மாதக்கணக்கில் நிற்கவும் கூடும். காரின் பதிவுப் பத்திரமான லொக்புக்கில் எரிபொருள் இன்னும் வெறும் பெற்றோல் என்றே இருந்தால், விளம்பரம் போடுமுன் டிவிஎல்ஏக்கு அனுப்பித் திருத்தி எடுங்கள்.