ஊட்டிக் குளிரில் சைடெக்ஸ் ஓபிஏ: ஸ்கோப் ஊறவைக்கும் கிளினிக்குகளுக்கு

ஸ்கோப்பை, அதாவது உடலுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கருவியை, ஊறவைத்துக் கிருமி கொல்ல சைடெக்ஸ் ஓபிஏ (ஆர்த்தோ-தாலால்டிஹைடு கரைசல்) நல்ல மருந்துதான். ஆனால் நீலகிரியில் அதை வாங்குமுன் டப்பில் போட ஒரு தெர்மாமீட்டரும், கழுவும் அறைக்கு ஒரு ஹீட்டரும் வாங்கிவிடுங்கள்.

இந்த 0.55 சதவீதக் கரைசலுக்கு லேபிளில் உள்ள நேரம் 20 டிகிரி செல்சியஸுக்கானது. அமெரிக்க லேபிளில் 12 நிமிடம், ஆசிய நாடுகளில் 5 நிமிடம். நீளமானதையே பிடித்துக்கொள்வது நல்லது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில், ராத்திரி முழுக்கப் பூட்டிக் கிடந்த அறையில் கேன் சில்லென்றிருக்கும். அதில் ஊறிய ஸ்கோப்பில் காசநோய்க் கிருமி செத்திருக்கும் என்று நம்ப வழியில்லை. கூடுதல் நேரம் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அப்படி ஒரு கணக்கு லேபிளில் கிடையாது. வெந்நீர் ஊற்றினால் மருந்து நீர்த்துப்போகும். காலையிலேயே ஹீட்டரைப் போட்டு, மூடிய டப்பில் 20 காட்டிய பிறகுதான் ஸ்கோப்பை இறக்க வேண்டும்.

இதே வேலைக்கான இன்னொரு மருந்தான குளூட்டரால்டிஹைடு போல, வேலை செய்யவைக்கும் ஆக்டிவேட்டர் கலக்க வேண்டியதில்லை, நெடியும் குறைவு. விலைதான் கூடுதல். அதற்காக, டப்பில் ஊற்றியதை வைத்துக்கொள்ளக்கூடிய 14 நாளும் ஓட்டியே தீருவது என்று இருக்காதீர்கள். தினமும் முதல் ஸ்கோப்புக்கு முன் செறிவு பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பைக் கரைசலில் 1 விநாடி முக்கி, 90 விநாடி கழித்துப் பாருங்கள். முழுக்க ஊதாவாக மாறாமல் நீலம் எஞ்சியிருந்தால், செறிவு 0.3 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. அன்றே கொட்டிவிட வேண்டியதுதான். சீக்கிரம் நீர்த்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், கழுவிய ஸ்கோப்பைத் தண்ணீர் வடியாமல் அப்படியே உள்ளே போடுவதுதான்.

ஸ்கோப்பில் சாம்பல் நிறக் கறை படிந்தால் மருந்தைக் குறை சொல்லாதீர்கள். ஓபிஏ புரதத்தில் பட்டால் கறையாகும். அதாவது பிரஷ் போட்டது போதவில்லை. நோயாளியிடமிருந்து எடுத்ததுமே என்சைம் கரைசலை உறிஞ்சவிட்டு, லீக் டெஸ்ட் பார்த்து, பிரஷ் சுத்தமாக வெளிவரும்வரை ஒவ்வொரு சேனலையும் (ஸ்கோப்பின் உட்குழாய்) தேய்க்க வேண்டும். ஊறவைக்கும்போது சிரிஞ்சால் சேனலுக்குள் மருந்தைச் செலுத்துங்கள். காற்றுக்குமிழ் நின்ற இடத்தில் மருந்து படாது. கையுறை போடாவிட்டால் விரலும் சாம்பலாகும், கழுவினாலும் போகாது.

பிறகு 3 முறை, ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரில் குறைந்தது 1 நிமிடம் அலச வேண்டும். மூடுபனிக் காலத்தில் தானாகக் காயட்டும் என்று மாட்டிவைத்தால் சேனல் ஈரமாகவே கிடக்கும். 70 சதவீத ஆல்கஹால் செலுத்தி, காற்றடித்து உலர்த்திய பிறகே செங்குத்தாகத் தொங்கவிடுங்கள்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பயன்படுத்தும் சிஸ்டோஸ்கோப் (சிறுநீர்ப்பையைப் பார்க்கும் ஸ்கோப்) உள்ளிட்ட எந்தச் சிறுநீர்ப்பாதைக் கருவிக்கும் ஓபிஏ கூடாது. கடுமையான ஒவ்வாமை வந்திருக்கிறது. லேபிளிலேயே தடை இருக்கிறது.