உல்லாசக் கப்பலில் பரவிய நோயை மறைத்தார்கள்: பயணம் பதிவு செய்யும் முன் படியுங்கள்

அப்பாவின் மணிவிழாவை முன்னிட்டு, கடந்த டிசம்பர் விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் வழியாகத் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணம் மேற்கொண்டோம். அந்தக் கப்பலில் எங்களுக்கு முந்தைய பயணத்திலேயே வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவியிருந்தன. அது தெரிந்தும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏற்றிக்கொண்டார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

முதல் தவறு துறைமுகத்திலேயே நடந்தது. ஏறும் முன் உடல்நிலைப் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும். கடந்த சில நாள்களில் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்ததா என்று அதில் கேட்டிருப்பார்கள். "எல்லாவற்றுக்கும் இல்லை என்றே போட்டுவிடுங்கள், ஆம் என்று போட்டால் ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்பாது" என்று எங்கள் பயண முகவர் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். எங்களுக்கு மறைக்க எதுவும் இல்லை. ஆனால் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்துக் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன், அவர்களும் ஏறினார்கள். உண்மை சொல்பவர் மொத்தப் பணத்தையும் இழக்க வேண்டும் என்று விதி வைத்துவிட்டு, படிவத்தை நம்பி மூவாயிரம் பேரை ஒரே கூரையின் கீழ் அடைப்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது.

இரண்டாம் நாள் இரவு அம்மாவுக்கு வாந்தி தொடங்கியது. விடிவதற்குள் எட்டு முறை போய்விட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதால் பதறிப்போய்க் கப்பலின் மருத்துவ அறைக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்தவர் வயிற்றைக்கூடத் தொட்டுப் பார்க்காமல், கடல் நோவு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மலாக்கா நீரிணை அன்று குளத்து நீர்போல அசையாமல் கிடந்தது. அம்மாவுக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. கடல் நோவில் தலைசுற்றலும் வாந்தியும் வருமே தவிர, இப்படிப் பேதியாகாது. இதைச் சொன்னபோது, சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம் என்றார்கள். அடுத்த நாள் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அதற்கான தொகை எங்கள் ஒருவருடைய பயணச்சீட்டின் விலையைவிட அதிகம்.

மூன்றாம் நாள் காலை, பஃபேயில் நாமே எடுத்துக்கொள்ளும் கரண்டிகள் எல்லாம் காணாமல் போய், கையுறை அணிந்த சிப்பந்திகள் பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். தாழ்வாரக் கைப்பிடிகளில் பிளீச்சிங் நெடி அடித்தது. இவை இரண்டும் கப்பலில் வயிற்று நோய் பரவும்போது எடுக்கப்படும் வழக்கமான நடவடிக்கைகள் என்பதை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அறிந்தேன். நடவடிக்கை எடுக்கும் அளவுக்கு அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பிங்கோ விளையாட்டுக்கு மணிக்கொரு முறை அறிவித்த ஒலிபெருக்கியில் இதைப் பற்றி மட்டும் ஓர் அறிவிப்பும் இல்லை. எங்கள் கேபினைச் சுத்தம் செய்ய வந்த தம்பி தமிழ் பேசுபவர். அவர்தான் கதவை ஒட்டி நின்று மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, போன டிரிப்புலயே நிறையப் பேருக்கு இப்படித்தான். பஃபே பக்கம் போகாதீங்க, அம்மாவுக்கு ஓஆர்எஸ் கரைச்சுக் குடுங்க." அந்தத் தம்பியின் மீது எனக்கு நன்றி மட்டுமே உண்டு.

அம்மாவின் அறிகுறிகள் நோரோ வைரஸுக்கு அப்படியே பொருந்துவதாக ஊரில் எங்கள் மருத்துவர் சொன்னார். கிருமி உள்ளே போன 12 முதல் 48 மணி நேரத்தில் நோய் வெளிப்படும். மிகச் சொற்பமான கிருமிகளே ஒருவரை வீழ்த்தப் போதும். கைப்பிடி, மேசை போன்ற பரப்புகளில் அது நாள்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். காலையில் ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டு, மாலையில் அடுத்த கூட்டத்துடன் புறப்படும் கப்பலில் அதை ஒழிக்க எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உணவகத்தின் வாசலில் எல்லார் கையிலும் சானிடைசர் தெளித்தார்கள். ஆல்கஹால் சானிடைசர் இந்த வைரஸுக்குப் போதாது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும்.

அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் கப்பல்கள், வயிற்று நோய்க் கணக்கை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்திடம் ஒப்படைக்க வேண்டும். பயணிகளிலோ பணியாளர்களிலோ 3 சதவீதம் பேர் பாதிக்கப்பட்டால், கப்பலின் பெயரோடு அது பொதுவில் வெளியிடப்படுகிறது. நாங்கள் சென்ற கப்பல் அந்தப் பக்கம் போகாதது. அதனால் அந்தப் பாதுகாப்பு எங்களுக்கு இல்லை. தகவல் தாமதமானால் என்ன ஆகும் என்பதை 2020-இல் உலகமே பார்த்தது. டயமண்ட் பிரின்சஸ் கப்பலிலிருந்து ஜனவரி 25 அன்று ஹாங்காங்கில் இறங்கிய பயணிக்குக் கொரோனா என்பது பிப்ரவரி 1 அன்று உறுதியானது. ஆனால் யோகோஹாமாவில் பயணிகள் கேபின்களில் தனிமைப்படுத்தப்பட்டது பிப்ரவரி 5 அன்றுதான். கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. பயணிகள் அறைகளில் இருக்க, அவர்களுக்கு உணவு கொண்டுபோன சிப்பந்திகள், இந்தியர்கள் உட்பட, நெருக்கமான அறைகளில் தங்கி வேலை செய்துகொண்டே இருந்தார்கள்.

போக விரும்புகிறவர்கள், உடல்நலம் சரியில்லை என்று முன்கூட்டியே சொன்னால் பயணத்தை வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கப்பலின் மருத்துவச் செலவைக் காப்பீடு ஏற்குமா என்று தனியாகக் கேளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். ஓஆர்எஸ் பொட்டலங்களும் சோப்பும் கைப்பையிலேயே இருக்கட்டும். வீட்டில் சர்க்கரை நோயாளியோ முதியவரோ இருந்தால், வாந்தி தொடங்கிய உடனே மருத்துவ அறையில் பதிவு செய்து, பேதி, வாந்தி என்று அறிகுறிகளை ஒன்றுவிடாமல் சீட்டில் எழுதச் சொல்லி, கையெழுத்திடும் முன் படித்துப் பாருங்கள்.

நான் படிக்கவில்லை. கப்பல் நிறுவனத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். "தங்கள் பயணத்தில் நோய்ப்பரவல் எதுவும் பதிவாகவில்லை" என்று ஒரே ஒரு பதில் வந்தது. காப்பீட்டு நிறுவனமும் கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. கப்பல் மருத்துவர் கொடுத்த சீட்டில் அம்மாவின் நோய் இன்றுவரை "கடல் நோவு" என்றே இருக்கிறது.