போகியா, உகாதியா: துணி பீரோ ஒழிக்க எது தோது?

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் வீடு ஒழிக்கும் பருவம் வருஷத்தில் இரண்டு தடவை வருகிறது. மார்கழிக் கடைசியில் போகி, அப்புறம் பங்குனியில் உகாதி. தருமபுரிப் பக்கம் போகிதான் பெரிது. சூளகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை என்று மேலே போகப்போகத் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் கூடும்; அங்கே உகாதிக்குத்தான் வீட்டைக் கழுவி விடுவார்கள். இரண்டுக்கும் செய்கிற வீடுகளும் உண்டு. ஒட்டடையைப் பொறுத்தவரை எந்த நாளில் அடித்தாலும் ஒன்றுதான். துணி பீரோ அப்படி இல்லை. எப்போது திறக்கிறோம் என்பதைப் பொறுத்து எது வெளியே போகும், எது மறுபடி உள்ளே ஏறும் என்பதே மாறிவிடுகிறது. என் ஓட்டு உகாதிக்கு. ஆனால் போகிக்கும் பலம் இல்லாமல் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போகிக்கு வீட்டில் ஆள் இருக்கிறார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் பொங்கலுக்கு ஊர் வந்துவிடுவார்கள். காலேஜில் போட்ட சட்டை, முதல் வேலைக்கு எடுத்த பேண்ட், இப்போது இடுப்பில் ஏறாத ஜீன்ஸ் எல்லாம் ஊர் வீட்டு பீரோவில்தானே கிடக்கிறது. அவர்கள் இல்லாதபோது அதில் கை வைத்தால் பின்னால் ஒரு நாள், “என் நீலச் சட்டை எங்கம்மா?” என்று போன் வரும். ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “இது வேணுமா, வேணாமா?” என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. உகாதிக்கு இது அரைகுறைதான். கர்நாடகத்தில் அன்று பெரிய பண்டிகை, இங்கேயும் தெலுங்கு வருடப்பிறப்பு அரசு விடுமுறை. பெங்களூரில் இருப்பவர்கள் வரக்கூடும், திருப்பூரில் இருப்பவர்கள் வர மாட்டார்கள்.

இன்னொன்று, போகி முடிந்த கையோடு புதுத்துணி உள்ளே வருகிறது. பொங்கலுக்கு எடுத்தது ஒரு பக்கம், 1983-ல் தொடங்கிய திட்டத்தில் ரேஷன் கடை வழியாக வரும் இலவச வேட்டி சேலை ஒரு பக்கம். வருவதற்கு முன்னால் இடம் பண்ணி வைப்பது நியாயம்தான்.

போகியின் பலம் இத்தோடு முடிந்தது. மற்றதெல்லாம் அதற்கு எதிராகத்தான் நிற்கிறது.

முதலில் ஸ்வெட்டர். ஓசூர் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது, தருமபுரி அதில் பாதி. மேலே இருப்பவர்கள் மார்கழியில் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலுக்கு வர மாட்டார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது எந்தக் கம்பளியையாவது வேண்டாம் என்று சொல்ல மனசு வருமா? சாயம் போன மங்கி குல்லாகூட அன்றைக்கு அவசியமாகத்தான் தெரியும். பங்குனியில் கேள்வியே வேறு: போன குளிருக்கு இதை யாராவது போட்டோமா? பதில் கையில் இருக்கும். போடவில்லை என்றால் அது அடுத்த குளிருக்கும் போடப்போவதில்லை.

பட்டுப்புடவைக்கும் இதே கணக்கு. தையும் மாசியும் முகூர்த்த மாதங்கள். கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம், பாலக்கோட்டில் ஒரு காதுகுத்து, காரிமங்கலத்தில் ஒரு கிரகப்பிரவேசம் என்று போய் வந்தபின், எதை எடுத்துக் கட்டினோம், எதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தோம் என்பது நன்றாகத் தெரியும். இத்தனை முகூர்த்தத்தில் ஒன்றுக்கும் கட்டாத பட்டு, சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. போகியன்று இந்தச் சோதனை இன்னும் நடக்கவே இல்லை. அதனால், ‘தையில் கட்டிக்கலாம்’ என்று எல்லாமே உள்ளே போய்விடும்.

பள்ளிச் சீருடையும் அப்படித்தான். ஜனவரியில் பள்ளி முடிய இன்னும் சில மாதம் பாக்கி இருக்கும். பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று தெரிந்தாலும் கொடுக்க முடியாது. உகாதி சமயத்தில் முழு ஆண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும். அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு நாலு செட் தருகிறார்கள். எது கிழிந்தது, எது குட்டை, எது தம்பிக்கு ஆகும் என்று பிரித்து வைக்க அதுதான் நேரம்.

கடைசியாக வெயில். “பங்குனி மாதம் பகல்வழி நடப்பவன் பெரும்பாவி” என்பார்கள். நடப்பவனுக்குப் பாவம், துணிக்குப் புண்ணியம். மார்கழியில் காலை ஒன்பது மணி வரை பனி. மொட்டை மாடியில் போட்ட கம்பளி சாயங்காலம் தொட்டாலும் சில்லென்றிருக்கும். பங்குனியில் மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். வெளியே எடுத்ததை உதறி, வெயில் காட்டி, அன்றைக்கே உள்ளே வைக்கலாம். பட்டை மட்டும் நேர் வெயிலில் போடாதீர்கள், சாயம் வெளுக்கும். திண்ணை நிழலில் காற்றாட விட்டால் போதும்.

ஆக, வீட்டுக்குப் போகி, பீரோவுக்கு உகாதி என்று பிரித்துக்கொள்வதுதான் நம்மூருக்குத் தோது. வெளியூர்ப் பிள்ளைகளின் துணியை மட்டும் போகியில் அவர்கள் கண் முன்னால் முடித்துவிடலாம்.

ஒரே குவியலா, தட்டுத் தட்டாகவா?

எல்லாத் துணியையும் கட்டிலில் கொட்டி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கும் முறையை இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். தனியாக இருப்பவருக்கு அது நல்ல முறை, வீடு மாறுகிறவருக்கு அதைவிட நல்லது. மாமியார், நாத்தனார், பிள்ளைகள் என்று ஒரே பீரோவைப் பங்கு போட்டுக்கொள்ளும் வீட்டில் அது நடக்காது. கொட்டி அரை மணி ஆவதற்குள் கேஸ் சிலிண்டர் வரும், குழந்தை எழுந்துகொள்ளும். ராத்திரி படுக்கக் கட்டில் வேண்டும். அத்தனையும் அள்ளி மறுபடி உள்ளே திணிக்கப்படும், முன்னால் இருந்ததைவிட மோசமாக. அதனால் தட்டுத் தட்டாக. ஒரு நாளைக்கு ஒரு தட்டு, அது முடியாமல் அடுத்ததைத் தொடுவதில்லை. கொட்டுவதில் உள்ள ஒரே லாபம், ஒரே நிறத்தில் நாலு சேலை இருப்பது கண்ணில் படும் என்பது. அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

முடிவு எடுக்க முடியாததை ஒரு பழைய வேட்டியில் மூட்டை கட்டிப் பரணில் போடுங்கள். ஆயுத பூஜை வரை யாரும் தேடவில்லை என்றால் பிரிக்காமலே கொடுத்துவிடலாம். பிரித்தால் கதை முடிந்தது, பாதி திரும்ப வந்துவிடும்.

எடுத்தது எங்கே போகும்?

ஒழிப்பது பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எங்கே அனுப்புவது என்று தெரியாமல் எடுத்து வைத்த மூட்டை, கதவு மூலையில் ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டு மறுபடி பீரோ மேலே ஏறும். வழிகள் பல இருக்கின்றன, எல்லாம் ஒரே தரம் இல்லை.

போகித் தீ எல்லாவற்றிலும் மட்டம். பருத்தியும் பழைய பாயுமாக இருந்த காலத்தில் அது பரவாயில்லை. இப்போது பீரோவிலிருந்து இறங்குவதில் பெரும்பகுதி பாலியஸ்டர். அது உருகிக் கரும்புகை விடும். அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எரிக்காதீர்கள் என்று அறிக்கை விடுகிறது. ஒகேனக்கல்லில் குளித்துவிட்டுப் பழையதை ஆற்றோடு விடுவதும் இதோடு சேர்ந்ததுதான். காவிரி அதைக் கொண்டுபோய் அடுத்த பாறையில் மாட்டி வைக்கும், அவ்வளவே.

துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர்கள் இன்னும் தெருவில் வருகிறார்கள். ஒரு மூட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட், கொஞ்சம் பேசினால் ஒரு எவர்சில்வர் டபரா. கணக்குப் பார்த்தால் நமக்கு நஷ்டம்தான். ஆனாலும் எனக்கு இந்த வழி பிடிக்கும். அந்தத் துணி தரம் பிரிக்கப்பட்டு, உடுத்தக்கூடியது எங்கோ பழைய துணிச் சந்தையில் விலைக்குப் போகிறது. வாங்குகிறவர் யாருக்கும் கடமைப்படாமல் வாங்குகிறார். ஒரே ஒரு எச்சரிக்கை: பட்டையும் ஜரிகையையும் இந்த மூட்டையில் போடாதீர்கள்.

பட்டுக்கு என்று தனியாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய பட்டுப்புடவை வாங்கப்படும் என்று துண்டு நோட்டீஸ் ஒட்டி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜில் சில நாள் தங்குவார்கள். அவர்களுக்கு வேண்டியது ஜரிகை. போவதற்கு முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். முந்தானை ஓரத்திலிருந்து ஒரே ஒரு ஜரிகை இழையை உருவி நகத்தால் சுரண்டுங்கள். அசல் ஜரிகை என்றால் மேலே சுற்றிய மெல்லிய கம்பி பிரிந்து வரும், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். கம்பி வெள்ளி, அதன்மேல் தங்க முலாம். உள்ளே வெள்ளை நூலோ, பளபளவென்று பிளாஸ்டிக் பட்டையோ வந்தால் அது போலி. அந்தப் புடவைக்கு அங்கே விலை கிடையாது. அசல் என்றால் அன்றைய வெள்ளி விலையைத் தெரிந்துகொண்டு போங்கள், இரண்டு பேரிடமாவது கேளுங்கள், முதல் ஆள் சொன்ன விலைக்குத் தலையாட்டாதீர்கள்.

பட்டு உடல் நன்றாக இருந்தால் விற்காமல் பாவாடை தைப்பதுதான் லாபம். விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த புடவை அந்த மடிப்புக் கோட்டிலேயே ஊசி ஊசியாய் விட்டிருக்கும். லேசாக இழுத்தால் டர்ரென்று போகும். அதில் தையல் நிற்காது. தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடிக்குப் போய் வந்த குடும்பங்களுக்குத் தெரியும், பட்டு என்பது புழு நூற்ற புரதம். பூச்சி அதைத் தேடி வருவதும், ஒரு இழையைக் கொளுத்தினால் முடி கருகும் வாசனை வருவதும் அதனால்தான். பருத்தி இழை காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். எது என்ன துணி என்று சந்தேகம் வந்தால் இந்த ஒரு தீக்குச்சி போதும்.

தெரிந்தவர்களுக்குக் கொடுப்பது எளிது, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு நல்லது இல்லை. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பொத்தான் போனதையும் அக்குள் மஞ்சளித்ததையும் அவர் தலையில் கட்டினால், நம் குப்பையை அவர் வீட்டுக்கு மாற்றினோம் என்றுதான் அர்த்தம். துவைத்து, தேய்த்து, பொத்தான் வைத்துக் கொடுங்கள். எடுத்துக்கொள்வதா இல்லையா என்பதை அவரே பார்த்துப் பொறுக்கட்டும். ஆதரவற்றோர் இல்லங்களுக்கும் இதே மரியாதைதான். போன் செய்து என்ன அளவு, ஆணா பெண்ணா என்று கேட்காமல் மூட்டையோடு போய் நிற்க வேண்டாம்.

பெங்களூருக்கோ சென்னைக்கோ காரில் போகிறவர்கள் கூஞ்ச் அமைப்பையும் யோசிக்கலாம். டெல்லியில் 1999-ல் தொடங்கிய இந்த அமைப்பு இரண்டு ஊரிலும் துணி சேகரிக்கிறது. நைந்த பருத்தியைக்கூட மாதவிடாய்த் துணிப்பட்டைகளாக மாற்றுகிறார்கள். நகராட்சிகளிலும் 2023 மே மாதம், தூய்மை இந்தியா இயக்கத்தில் பழைய பொருள் சேகரிக்கும் மையங்கள் திறக்கச் சொன்னார்கள். உங்கள் வார்டில் இப்போதும் நடக்கிறதா என்று தூய்மைப் பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நைந்த பனியன், லுங்கி, பருத்திச் சேலைக்கு யாரையும் தேட வேண்டாம். “இருக்கட்டும், கரித்துணிக்கு ஆகும்” என்று வீட்டுப் பெரியவர் சொன்னால் அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் கரித்துணி வருஷத்துக்கு எத்தனை வேண்டும்? அதற்கு மேல் இருப்பதை, பொத்தான், ஜிப், எலாஸ்டிக் வெட்டிவிட்டு மெக்கானிக் ஷெட்டில் கொடுங்கள். பனியன் வேஸ்ட் என்று காசு கொடுத்து வாங்குகிறவர்கள் அவர்கள். ஓசூர் சிப்காட்டில் சின்னப் பட்டறை வைத்திருப்பவரைத் தெரிந்தால் கிலோக் கணக்கில்கூட எடுத்துக்கொள்வார். பாலியஸ்டர் வேண்டாம் என்பார்கள்.

உள்ளே திரும்ப வைப்பதற்கு இரண்டு விஷயம் மட்டும். கஞ்சி போட்ட பருத்தியை நாளாக வைக்காதீர்கள், ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பாச்சை உருண்டை போடுகிறவர்கள் ஜரிகை மேல் படாமல் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். பிறந்த குழந்தைக்கு என்று எடுத்து வைத்த துணியோடு அதை வைக்கவே கூடாது. அந்த வாசனை சில குழந்தைகளுக்கு ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலை வரை கொண்டுபோகும். அங்கே வசம்பு போதும்.

மிச்சம் ரவிக்கைத் துணி. போகியானாலும் உகாதியானாலும் இது தீராது. தாம்பூலத்தோடு வந்தது, தைக்க மாட்டோம், தூக்கியும் போட மாட்டோம், இன்னொருவருக்கு வைத்துக் கொடுப்போம். அது ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சுற்றட்டும். ஒன்று மட்டும் செய்யுங்கள்: யார் கொடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி மடிப்புக்குள் வையுங்கள், கொடுக்கும்போது மறக்காமல் சீட்டை உருவிவிடுங்கள். இல்லையென்றால் போன தையில் சூளகிரி அத்தை வைத்துக் கொடுத்த அதே பச்சை, அடுத்த தையில் அவர் தாம்பூலப் பையிலேயே போய் உட்காரும்.