லபுபு வாங்கும்போது: சீல் பிரிக்காத பெட்டியா, பிரித்த பொம்மையா?

பையில் மாட்டும் ரோமப் பொம்மையான லபுபுவை நேரடியாகக் கடையில் வாங்க முடியாதவர்கள் மறுவிற்பனையாளரிடம்தான் போகிறார்கள். அங்கே இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, சீல் பிரிக்காத பெட்டி. இன்னொன்று, பிரித்து வெளியே எடுத்த பொம்மை. முதலாவதற்கு விலை கூடுதல். “சீல் அப்படியே இருக்கு, ஒரிஜினல்தான்” என்று சொல்லித்தான் விற்பார்கள். பலரும் அதை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். போலி மலிந்து கிடக்கும் சந்தையில் இது தலைகீழான கணக்கு. முன்பின் தெரியாத ஒருவரிடம் வாங்குவதென்றால், பிரித்த பொம்மையை வாங்குவதே நல்லது. கண்ணால் பார்க்க முடிந்ததைத்தான் சோதிக்க முடியும்.

ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லங் 2015-இல் உருவாக்கிய பாத்திரம் லபுபு. 2019 முதல் சீனாவின் பாப் மார்ட் பொம்மை நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. வினைல் முகமும் ரோம உடலுமாகப் பையில் மாட்டும் வடிவம் 2023-இல் வந்தது. தென் கொரிய இசைக்குழு பிளாக்பிங்கின் பாடகி லிசாவின் பையில் அது தொங்கிய 2024-க்குப் பிறகு தேவை எங்கேயோ போய்விட்டது. கூடவே போலியும் பெருகியது. அதற்கு ‘லஃபுஃபு’ என்று பட்டப்பெயரே உண்டு.

பெட்டியை வாங்கினால் என்ன கிடைக்கிறது?

ஒரு பெட்டியில் ஒரு பொம்மை, எது என்று பிரித்தால்தான் தெரியும். ‘எக்சைட்டிங் மக்கரோன்’, ‘பிக் இன்டு எனர்ஜி’ போன்ற தொகுதிகளில் வழக்கமான பொம்மை வகைகள் 6, ரகசியப் பொம்மை 1. ரகசியம் கிடைக்கும் வாய்ப்பு 72-க்கு 1, அதாவது நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது இந்த வாய்ப்புக்காகவும்தான். ஆனால் தனியாள் விற்கும் பெட்டியில் அந்த வாய்ப்பு முழுசாக இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூடியைப் பதமாகப் பிரித்து, உள்ளே இருப்பதைப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மறுபடி ஒட்டியிருக்கலாம். மூடியின் மடிப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அட்டையின் நார் பிய்ந்திருந்தாலோ, பசை மினுமினுப்பாக வெளியே வழிந்திருந்தாலோ, அது ஒருமுறை திறந்த பெட்டி.

அசல் பெட்டியின் அச்சு மினுமினுப்பில்லாமல், நிறம் மென்மையாக, எழுத்து கூர்மையாக இருக்கும். போலிப் பெட்டி பெரும்பாலும் பளபளக்கும். நிறம் அடர்ந்தோ வெளிறியோ போயிருக்கும். ஆனால் அட்டைப்பெட்டியை நகலெடுப்பது போலி செய்பவருக்கு மிகச் சுலபமான வேலை. அதனால் மோசமான பெட்டியைப் பார்த்துப் போலி என்று சொல்லலாம். நல்ல பெட்டியைப் பார்த்து அசல் என்று சொல்ல முடியாது.

பெட்டியில் இருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரும் அப்படித்தான். ஸ்கேன் செய்ததும் ஒரு பக்கம் திறந்து ‘அசல்’ என்று வந்தால் மனம் நிம்மதியாகிவிடும். அங்கேதான் ஏமாறுகிறார்கள். முதலில் முகவரியைப் பாருங்கள். பாப் மார்ட்டின் பெயரோடு ஓர் எழுத்தோ கோடோ கூடியிருந்தால் அது போலித் தளம். அடுத்து, ஸ்டிக்கரின் வெள்ளிப் பூச்சைச் சுரண்டி எடுத்த எண்ணை வேண்டுமென்றே தவறாகப் போட்டுப் பாருங்கள். தவறான எண்ணுக்கும் ‘அசல்’ என்றே சொல்லும் பக்கம் எதையும் சோதிக்கவில்லை. எல்லாம் சரியாக வந்தாலும் அது பெட்டிக்குத்தான் சாட்சி, உள்ளே இருக்கும் பொம்மைக்கு இல்லை. காலியான அசல் பெட்டியில் போலியைப் போட்டு விற்கத் தடையேதும் இல்லையே. வெள்ளிப் பூச்சு ஏற்கனவே சுரண்டப்பட்டிருந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் கூடும்.

பிரித்த பொம்மையில் எதைப் பார்க்க வேண்டும்?

பல்லிலிருந்து தொடங்குங்கள். அசலுக்கு 9 பற்கள். எட்டோ பத்தோ இருந்தால் மேலே எதுவும் பார்க்க வேண்டியதில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தால் பல்லின் வடிவத்துக்குப் போங்கள். அசலில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகக் கூர்ந்து நிற்கும், வெள்ளை நிறம் பல்லின் விளிம்போடு நின்றுவிடும். போலியில் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டி மொழுக்கென்று இருக்கும், பெயின்ட் உதட்டில் ஏறியிருக்கும். நல்ல அச்சு வார்ப்பது செலவு பிடிக்கும் வேலை. போலி செய்பவர் காசை மிச்சம் பிடிப்பது இங்கேதான். எங்கள் பார்வையில் பெட்டியைவிட, க்யூஆரைவிட, இந்த ஒரு வரிசைப் பல் அதிகம் சொல்லும்.

அடுத்தது, முகமும் ரோமமும் சேரும் விளிம்பு. அசலில் ரோமம் முகத்தை ஒரே சீராகச் சுற்றியிருக்கும். போலியில் இடைவெளி தெரியும், பசை காய்ந்து கெட்டித்திருக்கும், முகம் ஒரு பக்கம் உள்ளே புதைந்திருக்கும். அந்த இடத்தில் ரோமத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுங்கள். கொத்தாகக் கையோடு வந்தால் வேண்டாம்.

முகத்தின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அசல் வெளிர் பீச் நிறம். போலி அதிக இளஞ்சிவப்பாகவோ மஞ்சள் தட்டியோ இருக்கும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த போட்டோவை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. காதுகள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்க வேண்டும். தலை முழுச் சுற்றும் தடையில்லாமல் திரும்ப வேண்டும். பாதத்தில் பாப் மார்ட் பெயர் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், உடலில் தைத்த லேபிளில் எழுத்துப்பிழை இருக்கக் கூடாது.

யூவி (புற ஊதா) டார்ச் அடித்தால் புதிய தொகுதிகளில் ஒரு பாதத்தில் லபுபுவின் உருவம் ஒளிரும். முதலில் வந்தவற்றில் இந்த முத்திரை கிடையாது, அதனால் முத்திரை இல்லாததாலேயே பழைய பொம்மையை ஒதுக்கிவிடாதீர்கள். யூவி மை மலிவு என்பதால் போலியிலும் அது ஒளிரலாம். பல்லும் விளிம்பும் தேறிய பிறகு டார்ச்சை எடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அசலிலும் ஒரு நூல் தொங்கும், கண்ணோரம் ஒரு புள்ளி பெயின்ட் தெறித்திருக்கும். பல் எண்ணிக்கை தவிர, ஒரு சின்னக் குறையை வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால்தான் கணக்கு. ‘மேட் இன் வியட்நாம்’ என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம், அசல் அங்கேயும் தயாராகிறது.

யாரிடம் வாங்குவது?

பாப் மார்ட்டின் சொந்தக் கடை, அதன் ரோபோஷாப் என்ற தானியங்கி விற்பனை இயந்திரம், அதிகாரப்பூர்வ ஆன்லைன் கடை: இந்த மூன்றில் மட்டும் சீல் பிரிக்காத பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கிளைகள் உண்டு. அங்கே உறவினர் இருந்தால் பில்லோடு வாங்கிவரச் சொல்வதே சுலபம். அதற்கு அடுத்து, பொருளைத் தாங்களே சரிபார்த்து அனுப்பும் ஸ்டாக்எக்ஸ் போன்ற தளங்கள், விலை கூடும். தனியாளிடம் வாங்குவது கடைசி வழி.

விலையும் ஒரு பக்கம்தான் பேசும். அமெரிக்காவில் ‘பிக் இன்டு எனர்ஜி’ ஒரு பெட்டி 27.99 டாலருக்கு வந்தது. அதில் பாதிக்கும் கீழே புதுப்பெட்டி தருகிறேன் என்றால் சந்தேகமே வேண்டாம், போலி. ஆனால் இரண்டு மடங்கு கேட்பதால் அது அசலாகிவிடாது.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ‘போலியாக இருந்தால்தான் என்ன’ என்று விட்டுவிடாதீர்கள். போலி லபுபு குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஆகஸ்ட் 2025-இல் எச்சரித்தது.

தனியாளிடம் வாங்குகிறீர்கள் என்றால் பணம் அனுப்பும் முன் கேட்டு வாங்க வேண்டியவை: முகம் நேராகத் தெரியும் போட்டோ, பல் நெருக்கத்தில், பாதம், லேபிள், பெட்டியின் ஸ்டிக்கர், தலையை மெல்லச் சுற்றிக் காட்டும் சின்ன வீடியோ. எல்லாவற்றிலும் அன்றைய தேதி எழுதிய ஒரு துண்டுக் காகிதம் பக்கத்தில் இருக்கட்டும், இணையத்தில் எடுத்த படத்தை அனுப்ப முடியாது. பொருள் வந்ததும் பார்சலின் முகவரிச் சீட்டிலிருந்து வீடியோவைத் தொடங்கி, இடையில் நிறுத்தாமல் பிரியுங்கள். ஸ்டிக்கரைச் சுரண்டுவதும் அந்த வீடியோவுக்குள்ளேயே நடக்கட்டும். சுரண்டிய பிறகு எடுத்த படத்தைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்டால், ‘நீங்களே மாற்றி வைத்திருப்பீர்கள்’ என்றுதான் பதில் வரும்.