கோல்ஃப் மட்டைக்கான டார்க் ரெஞ்ச்: புதுச்சேரியில் தேடியதும் கிடைத்ததும்

புதுச்சேரியில் வசித்துக்கொண்டு கோல்ஃப் ஆடுபவர்கள் மிகச் சிலரே. நாங்கள் ஆடுவதற்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் போகிறோம் என்பதால், மட்டைகளுக்கான சில்லறைச் சாமான்களை விற்கும் கடை ஊருக்குள் இருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. பந்தை வெகுதூரம் அடிக்க உதவும் என் டிரைவர் மட்டை வேறொருவர் ஆடிவிட்டுக் கொடுத்தது. புதிதாக வாங்கினால் மட்டையுடன் சேர்த்தே தரப்படும் டார்க் ரெஞ்ச், அதாவது குறித்த அளவு முறுக்குவிசையில் திருகை இறுக்க உதவும் சாவி, அதனுடன் வரவில்லை. கைமாறிய மட்டைகளில் இது வழக்கமாகவே விடுபட்டுப் போகும் பொருள். அதனால்தான் அதற்கு மாற்றாக நான் வாங்கிய இரண்டு கருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இத்தகைய மட்டையின் தண்டு முனையில், சற்றே சாய்வான துளை கொண்ட ஸ்லீவ் என்னும் சிறு குழல் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றி வேறு நிலையில் திருப்பிச் செருகினால் மட்டை முகத்தின் சாய்வுக் கோணம் மாறும். மட்டைத் தயாரிப்பு நிறுவனமான டெய்லர்மேடின் பல ஸ்லீவ்களில் 2 பாகை கூட்டவும் 2 பாகை குறைக்கவும் முடியும். இன்னொரு நிறுவனமான டைட்லிஸ்டின் ஷூர்ஃபிட் என்னும் ஸ்லீவ் அமைப்பில் 16 நிலைகள் உள்ளன. இவ்வளவு வசதிக்கும் ஆதாரமாக இருப்பது, மட்டைத் தலையின் அடிப்பகுதியிலிருந்து மேல்நோக்கி ஏறி ஸ்லீவைப் பிடித்துக்கொள்ளும் ஒரே ஒரு சிறிய திருகுதான். சாதாரண ஆட்டக்காரர் ஒருவரின் வீச்சிலேயே டிரைவரின் தலை மணிக்கு 150 கிலோமீட்டர் அளவு வேகத்தில் செல்கிறது. திருகு தளர்வாக இருந்தால் தலை ஆடத் தொடங்கும், தட்டும் சத்தம் கேட்கும்; அளவுக்கு மீறி இறுக்கினால் மரை போய்விடும், அல்லது திருகின் தலையிலுள்ள நட்சத்திரக் குழி தேய்ந்து, பிறகு எந்தக் கருவியாலும் கழற்ற முடியாமல் போகும்.

இந்தத் திருகுக்குப் பெரும்பாலான ரெஞ்ச்கள் கொடுக்கும் முறுக்குவிசை 40 அங்குல பவுண்டு, அதாவது ஏறத்தாழ 4.5 நியூட்டன் மீட்டர். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் நாலரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான். கார்ச் சக்கரத்தின் நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவு தேவைப்படுகிறது என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறிய விசை என்பது விளங்கும்.

என் தேடல் சிக்கலானதற்கும் இந்தச் சிறுமையே காரணம். நகரத்து ஹார்டுவேர் கடைகளில் டார்க் ரெஞ்ச் கேட்டால் எடுத்துக் காட்டுவது வாகனப் பணிமனைகளுக்கான அரை அங்குல ரெஞ்ச். அதன் அளவுகோலே 28 நியூட்டன் மீட்டரில்தான் தொடங்கும். அதற்குப் பதிலாக டி-25 என்னும் அளவுள்ள நட்சத்திர முனை கொண்ட எல் வடிவச் சாவியைப் பரிந்துரைத்த கடைக்காரர்களும் உண்டு. பெரும்பாலான மட்டைகளின் திருகுக்கு அந்த முனை பொருந்துவது உண்மைதான். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தச் சாவி சொல்லாது. கடலூர் சிப்காட் ஆலைகளுக்குக் கருவிகள் வழங்கும் விற்பனையாளர் ஒருவரிடம் சரியான அளவில் டார்க் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. மிக நேர்த்தியான பொருள். ஆனால் வருடத்தில் சில முறை மட்டுமே தொடும் ஒரு திருகுக்காக அந்த விலையைக் கொடுப்பது நியாயமாகப் படவில்லை.

முடிவில் இணையத்தில் வாங்கியது, கோல்ஃப் மட்டைக்கென்றே செய்யப்பட்ட, டி வடிவக் கைப்பிடி கொண்ட ரெஞ்ச். ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. 40 அங்குல பவுண்டுக்கு முன்கூட்டியே அமைக்கப்பட்டிருப்பதால் நாம் திருகி அமைப்பதற்கு எதுவும் இல்லை. அந்த அளவை எட்டியதும் உள்ளிருக்கும் சுருள்வில் விலகி, கைப்பிடி 'கிளிக்' என்ற ஓசையுடன் நழுவிவிடும். கழற்றும் திசையில் இந்த நழுவல் கிடையாது, இருக்கவும் கூடாது. இந்தக் கருவிக்கு நாம் கொடுக்கும் பணம் முழுவதும் அந்த ஒரு நழுவலுக்காகத்தான் என்று நான் கருதுவதால், அதையே கவனித்துச் சோதித்தேன். கடலூர் விற்பனையாளரின் அளவுமானியில் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் 40-ஐ ஒட்டியே விடுபட்டது. முனை திருகின் குழிக்குள் ஆட்டமின்றி அமர்கிறது. குறை என்று சொன்னால் கைப்பிடியின் பிளாஸ்டிக் வழுவழுப்பாக இருக்கிறது. வியர்த்த கையில் நன்றாகவே வழுக்குகிறது, நம் ஊரில் வியர்க்காத கை எது?

இரண்டாவது கருவியைச் சைக்கிள் கடையில் கண்டேன், இதை முதலிலேயே யோசித்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். கார்பன் கைப்பிடி பொருத்திய சைக்கிள்களுக்கும் இதே போன்ற சிறு விசைதான் தேவை. டிஸ்க் பிரேக் தட்டின் திருகுகள் பலவும் டி-25 நட்சத்திர வகையே. அங்கே கிடைத்த, 2 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை அமைக்கக்கூடிய கால் அங்குல ரெஞ்சை 4.5-இல் நிறுத்திப் பயன்படுத்தினால் வேலை சரியாகவே முடிகிறது. விலை ஏறத்தாழ மூன்று மடங்கு. வீட்டில் நல்ல சைக்கிளும் இருப்பவர்கள் தயங்காமல் இதையே வாங்கலாம். ஒரே அளவுக்கு அமைக்கப்பட்ட 5 நியூட்டன் மீட்டர் சாவியும் அக்கடையில் உண்டு; அது 44 அங்குல பவுண்டுக்குச் சமம், அதாவது நமக்கு வேண்டியதைவிடப் பத்தில் ஒரு பங்கு அதிகம் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. அமைக்கக்கூடிய ரெஞ்சை வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும். இல்லையெனில் வில் தளர்ந்து அளவு பிசகும்.

எந்தக் கருவியானாலும் பயன்படுத்தும் முறை ஒன்றே. குழியில் ஒட்டியிருக்கும் மண்ணையும் புல்லையும் முதலில் எடுத்துவிட்டு, முனையை நேராக அடிவரை செருகி, மெதுவாகவும் சீராகவும் திருப்ப வேண்டும். ஸ்லீவின் பற்கள் தலையின் பள்ளங்களில் முழுமையாக அமர்ந்ததை விரலால் தொட்டு உறுதிசெய்த பிறகே இறுக்கத் தொடங்குவது அவசியம். ஒரு 'கிளிக்' கேட்டால் போதும். உறுதிக்காக இன்னொரு முறை திருப்பும் பழக்கம் பலரிடம் உண்டு, அது வேண்டாம். நிலை மாற்றியபின் பயிற்சித் திடலில் சில பந்துகளை அடித்துவிட்டு இறுக்கத்தை மறுபடியும் சரிபார்த்துக்கொள்ளலாம். தலையிலுள்ள எடைத் திருகுகளுக்கு வேறு அளவு இருக்கக்கூடும் என்பதால், அவற்றைத் தொடுமுன் அந்தந்த மட்டையின் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

ஆட்டத்தின் நடுவே அமைப்பை வேண்டுமென்றே மாற்றி அந்த மட்டையால் பந்தை அடித்தால் கோல்ஃப் விதி 4.1-இன்படி தகுதி நீக்கம்தான். அடிக்கும் முன்னரே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் தண்டனை இல்லை. தானாகத் தளர்ந்த திருகை அதே நிலையில் இறுக்கிக்கொள்வதற்குத் தடையில்லாததால், ரெஞ்ச் மட்டைப் பையிலேயே இருக்கலாம். ஆனால் கடற்கரைக்கு அருகில் குடியிருப்பவர்கள் அதன் எஃகு முனையை எண்ணெய் தொட்ட துணியால் அவ்வப்போது துடைத்து வைக்க வேண்டும். உப்புக் காற்று பட்டு என்னுடைய முனையில் முதல் மழைக்காலத்திலேயே துரு படியத் தொடங்கியது.